மாரீஸ்வரி வீட்டுக் கணக்கு

“கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. சந்து பூரா கேட்குது” என்றாள் ஷர்மிளா.

“கேட்கட்டுமே டீச்சர்! சாதி, பறையர். நல்லாப் பாத்து எழுதுங்க. திருடிட்டா வந்தோம், காதுல வந்து ஓதுறதுக்கு?”

தாராவிச் சந்தில் அந்த ஒற்றை அறை வீட்டின் வாசலில் உட்கார்ந்திருந்த மாரீஸ்வரி, தையல் மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள். தோல் பைக்கு வார் தையல் ஓடிக்கொண்டிருந்தது. சாதிக் கணக்கெடுக்க வந்த பள்ளி ஆசிரியை ஷர்மிளா, கையில் செல்போனோடு வெயிலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அதே பள்ளியில் வேலை பார்க்கும் மேற்பார்வையாளர் ஹரிகிருஷ்ணன். மாட்டுங்கா பக்கத்துத் தமிழர். நிமிஷத்துக்கு ஒரு தரம் வாட்ச் பார்க்கிற மனிதர்.

“மதம்?” ஷர்மிளா குனிந்த தலை நிமிரவில்லை.

“பௌத்தம்.”

ஹரிகிருஷ்ணன் சிரித்துவிட்டார். “அம்மா, பௌத்தம்னு போடறது மராத்திக்காரங்க. நீங்க தமிழ். ஹிந்துன்னே போட்டுடுங்க, ஷர்மிளா மேடம். அப்புறம் இவங்க சலுகை போச்சுன்னா நம்ம தலையில விடியும்.”

மெஷின் நின்றது. வந்ததே கோபம் மாரீஸ்வரிக்கு!

“ஒண்ணும் போவாது சார். பௌத்தருக்கும் உண்டுன்னு தொண்ணூறுலயே சட்டம் வந்தாச்சு. எங்களுக்கே பாடம் நடத்துதியளா? தேர் வடத்தைத் தொட்டுட்டார்னு எங்க தாத்தாவை ஊர்ல அடிச்சு விரட்டினாவ. அந்த ஆத்திரத்துல பம்பாய்க்கு ரயில் ஏறினார். இங்க தோல் பதனிடுற ஷாப்புல சுண்ணாம்புத் தண்ணியில நின்னு நின்னு காலே வெந்து போச்சு. எங்க அப்பா நாக்பூர் போயி பௌத்த தீட்சை வாங்கிட்டு வந்தாவ. ‘புதுசா எங்கேயும் போகல தாயி, நம்ம பாட்டன் பூட்டன் இருந்த பழைய வீட்டுக்கே திரும்பிட்டோம்’னு சொல்லுவாவ. ஞாயித்துக்கிழமையானா இந்த ஒத்தை ரூம் கோலியிலதான் பள்ளிக்கூடம். மராத்திப் பிள்ளையளும் தமிழ்ப் பிள்ளையளும் ஒரே பாயில உக்காந்து படிச்சுதுவ. இன்னைக்கு அதுல ஒருத்தன் பேங்க் மேனேஜர், ஒருத்தி வக்கீல். அம்புட்டுப் பேரையும் ஆளாக்கின வீடு சார் இது!”

ஷர்மிளாவுக்குக் குப்பென்று வியர்த்தது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அதெல்லாம் சரிம்மா, பெரிய குடும்பம்தான். எனக்கு டைம் ஆகுது” என்றார் ஹரிகிருஷ்ணன். “மேடம், ஹிந்துன்னு அமுக்குங்க. ஜல்தி!”

மாரீஸ்வரி எழுந்து வந்து எதிரே நின்றாள்.

“போன கணக்குல இப்படித்தான் ஒரு மகராசன், எங்களைக் கேட்காமலே என்னத்தையோ எழுதிட்டுப் போனான். எங்க அப்பா சாவுற மட்டும் அதைச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாவ. இந்தத் தடவையும் மாத்தி எழுதினா ரெண்டு பேரையும் சந்தை விட்டு நகர விட மாட்டேன். எழுதுங்க டீச்சர். உங்க கையாலயே எழுதுங்க.”

குடம் தூக்கிப் போன பெண்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஷர்மிளா மேலதிகாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ‘பௌத்தம்’ என்று பதிவு செய்து, போனை மாரீஸ்வரியிடம் நீட்டினாள்.

“சரியா இருக்கா, பாருங்க.”

மாரீஸ்வரி எழுத்தெழுத்தாக நிறுத்தி வாசித்தாள். பெருமை தாங்காமல் கண் கலங்கிவிட்டது.

“சரியா இருக்கு. எங்க அப்பா இருந்திருக்கணும்.”

“அடேயப்பா, ஒரு வழியா முடிஞ்சுது!” ஹரிகிருஷ்ணன் தன் போனை எடுத்தார். “இனிமே திலக் நகர்ல உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி, மேடம். அதை நானே போட்டுடறேன். ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? பிள்ளைமார், ஹிந்து. கரெக்டா?”

“தப்பு சார். இந்த வீட்டுக்கு எழுதினதையே எழுதுங்க” என்ற ஷர்மிளா, இந்த வீட்டை விட்டுப் போய்ப் பதினெட்டு வருஷம் கழித்து மாரீஸ்வரியின் கையைப் பற்றிக்கொண்டு சந்துக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: “இவ என் கூடப் பிறந்த அக்கா!”