அதிராத வாள்

நாடகத்துக்காக அக்காவுக்கு விளக்கு எரியும் வாள் ஒன்று செய்து கொடுத்தேன். அதோடு விட்டாளா? "எதுலயாவது பட்டா கையில அதிரணும்டா" என்றாள். பழைய செல்போன்களின் அதிர்வு மோட்டார்களைக் கழற்றிக் கைப்பிடிக்குள் வைத்தேன். சுவரில் அடித்தேன், மேஜையில் அடித்தேன். ம்ஹூம். திரும்பத் திரும்பப் பிரித்து ஈயம் பற்றவைத்ததில் விரல் வெந்ததுதான் மிச்சம்.

அக்கா வாங்கி வெறும் காற்றில் வீசினாள். பாதி வழியில் வாள் டக்கென்று நின்று அதிர்ந்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"என் உயிரை வாங்காதக்கா. எதுல பட்டுது?"

"எதிர்ல நிக்கிறாரே, அவர் வாள்லதான். நீயே வீசிப் பாரு."

எதிரில் யாருமில்லை. எரிச்சலோடு பிடுங்கி வீசினேன். வாள் நின்றது. கை அதிர்ந்தது.

"குனிஞ்சுக்கடா," என்றாள் அக்கா. "இப்ப அவர் முறை."