பந்திக்கு ஓர் உறவு

ஊரில் எல்லோரும் வாரா வாரம் பசியடக்கும் ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்ததும் கல்யாணப் பந்திகள் களையிழந்தன. வந்தவர்கள் இரண்டு வாய் சாப்பிட்டு இலையை மூடிவிட, பெண்ணைப் பெற்றவர்கள் கூனிக் குறுகிப் போனார்கள். அதில்தான் சதானந்தத்துக்குப் பிழைப்பு கிடைத்தது. பெண் வீட்டாரிடம் காசு வாங்கிக்கொண்டு, தூரத்து உறவு என்று சொல்லி முதல் பந்தியில் உட்கார்ந்து, "ரசம் இன்னொரு கரண்டி விடுங்க!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டுச் சாப்பிடுவது அவர் வேலை. ஒரே முகூர்த்தத்தில் மூன்று மண்டபம்கூடப் பார்த்திருக்கிறார்.

அவரைத்தான் டாக்டர் குணவதி எடை பார்த்துவிட்டு முறைத்துக்கொண்டிருந்தார்.

"நூத்திப் பதினெட்டு கிலோ! சுகர் வேற ஏறிக் கிடக்கு. இன்னைக்கே முதல் ஊசி போட்டுடலாம்."

"போட்டா பசிக்காதே டாக்டர்! அப்புறம் என்னை எந்தக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்க?"

"உசிரோட இருந்தாத்தானே கல்யாணத்துக்குப் போவீங்க?"

சதானந்தம் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். இத்தனை வருஷம் குடும்பத்துக்கே சோறு போட்ட வயிறு. அதை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

ஊசியை எடுத்த டாக்டரின் கண் சுவர்க் காலண்டரில் போய் நின்றது. ஊசியை வைத்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம்," என்றார் மெல்ல. "சம்பந்தி வீட்டுல அத்தனை பேருக்கும் நான்தான் ஊசி போட்டு வச்சிருக்கேன். நீங்க திங்கக்கிழமை வந்து போட்டுக்குங்க."

சதானந்தம் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"பொண்ணுக்கு நான் பெரியப்பாவா, மாமாவா டாக்டர்?"