சர்க்கரையா, மருந்தா

காத்திருப்பு அறையின் ஜன்னல் வெயில் நாற்காலிக் கால்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. விபத்துக்குப் பிறகு தூக்கத்தைத் தொலைத்த பஸ் டிரைவர், உள்ளங்கையிலிருக்கும் வெள்ளை மாத்திரையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். ஒழுங்காகத் தூங்கினால்தான் மறுபடி ஸ்டீயரிங்கைத் தொட விடுவார்கள். ஆனால் இந்தத் தூக்க ஆராய்ச்சியில் பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு வெறும் சர்க்கரை. "எனக்கு எதும்மா குடுக்கறீங்க?" ஆராய்ச்சி செய்யும் பெண் பேனா மூடியைத் திருகுகிறாள். "எனக்கே தெரியாது சார். தெரிஞ்சா என் முகமே காட்டிக்குடுத்துடும்னு என்கிட்டயும் சொல்லல." அவர் அந்த முகத்தைத் துருவுகிறார். வாய் கூசாமல் புளுகுகிறாளே. "நேத்து தூங்கினீங்களா?" "பொட்டுக்கூட இல்ல." பக்கத்திலிருக்கும் மனைவி குறுக்கிடுகிறாள். "விடியற வரைக்கும் நல்லாத் தூங்கினாரும்மா. ரெண்டு தடவ முனகினாரு, அவ்வளவுதான்." ஓஹோ, இவளையும் கைக்குள் போட்டுக்கொண்டார்களா? அவர் சுள்ளென்று திரும்புகிறார். "நான் விடிய விடியத் தூங்கினது உனக்கு எப்படித் தெரியும்?" மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். கண்ணிரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருக்கின்றன, கீழே கருவளையம். அவர் அந்தக் கண்களையே பார்க்கிறார். மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்குகிறார். அந்தப் பெண் உள்ளே போனதும், மனைவி கண்ணயர்ந்து, அவள் தலை மெல்ல அவர் தோளில் சரிகிறது. உள்ளிருந்து அவரைக் கூப்பிடுகிறார்கள். மறுபடி கூப்பிடுகிறார்கள். டிரைவர் தோளை அசைக்கவில்லை.