நீச்சல் சாம்பியன் சொன்ன ரகசியம்

ஊழியர்களை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரும்படி முடுக்கிவிடத்தான் மேனேஜர் அந்த நீச்சல் சாம்பியனை அலுவலகத்துக்கு அழைத்திருந்தார். அவனுடைய போன் நம்பரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தது ரிசப்ஷனிஸ்ட். முதல் வரிசையில் முதலாளியே வந்து உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, நீங்க ஜெயிச்ச ரகசியத்தை எங்க ஆளுங்களுக்கும் சொல்லுங்க,” என்றார் மேனேஜர்.

“ஓய்வுதான் சார். தினம் பத்து மணி நேரம் தூங்குவேன். ஒவ்வொரு போட்டி முடிஞ்சதும் மூணு வாரம் தண்ணிப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன்.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மேனேஜர் அவசரமாகக் குறுக்கிட்டார்.

“உழைப்பைப் பத்தியும் ரெண்டு வார்த்தை…”

“ஓய்வில்லாம உழைச்சா கடைசியாத்தான் வருவோம், சார்.”

முதலாளி மேனேஜர் பக்கம் திரும்பினார். “நம்ம ஆபீஸ்ல லீவு கேட்டு யாராவது காத்திருக்காங்களாய்யா?”

ரிசப்ஷனிஸ்ட் எழுந்து நின்றாள். மேனேஜர் நான்கு முறை திருப்பி அனுப்பிய விண்ணப்பம் கையிலேயே தயாராக இருந்தது. முதலாளி அங்கேயே மூன்று வாரத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் முடிந்ததும், சாம்பியன் மேசையில் மறந்து வைத்துவிட்ட பதக்கத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் வாசலுக்கு ஓடினார். அவனுடைய காரில் ரிசப்ஷனிஸ்ட் ஏறிக்கொண்டிருந்தாள்.

“கொடுத்துவச்சவங்க அண்ணி நீங்க!” என்றான் சாம்பியன். “எனக்கெல்லாம் எங்க கோச் மூணு நாள்கூட லீவு தரமாட்டார்!”