முப்பத்தொன்றாம் தேதிக் கணக்கு

“மத்தியானம் பன்னெண்டு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க, டெரல். அதுக்குள்ள நீ கையெழுத்துப் போடலேன்னா, இந்த வருஷ வரிக்கணக்குல நீ தனி, நான் தனி.”

கெண்ட்ராவின் குரல் மாவட்ட அலுவலகத்தின் நீண்ட நடையில் கடைசிவரை கேட்டது. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெரல், மடியில் தூங்கும் ஜூனிபரின் கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டான். அவன் பூட்ஸில் ஒட்டியிருந்த இண்டியானாப் பனி உருகித் தரையில் ஓடியது.

“மெதுவாப் பேசு. குழந்தை முழிச்சுக்கும்.”

“முழிக்கட்டும். அவளுக்காகத்தானே பேசறேன். அக்டோபர்ல பொறந்தவளை வருஷம் முழுக்க நம்மகூட இருந்ததா எடுத்துக்கறாங்க. நாமும் அப்படித்தான். டிசம்பர் முப்பத்தொண்ணு, இன்னிக்கு ராத்திரி நாம எப்படி இருக்கோமோ, அதுதான் வருஷம் முழுக்க. சேர்ந்து தாக்கல் பண்ணினா வரி குறையும். திரும்பி வர்ற பணத்துல குழந்தைக் காப்பகத்துக்கு முன்பணம் கட்டிடலாம். கட்டலேன்னா மார்ச்ல நான் வேலைல சேர முடியாது. ராத்திரி ராத்திரி ஹோட்டல்ல தட்டு தூக்கிப் படிச்சது, வீட்ல உக்காந்து பால் பாட்டில் கழுவவா?”

“நீ வேலைக்குப் போகணும். அதுக்குத்தான் வேணாங்கறேன்.” டெரல் தரையைப் பார்த்தான். “பாதில விட்ட படிப்புக்கு வாங்கின கடன் இன்னும் என் தலைல உக்காந்திருக்கு. எனக்குத் திரும்பி வரவேண்டிய வரிப் பணத்தை வழியிலேயே பிடுங்கிக்கறாங்க. உன் பேரையும் என் பேரையும் ஒரே தாள்ல போட்டா உன்னுதும் சேர்ந்து போயிடும்.”

“போகாது. என் பங்கைப் பிரிச்சுக் கேக்கறதுக்குத் தனிப் படிவம் இருக்கு. என்னோடதை ஒருத்தனும் தொட முடியாது. இதுகூடத் தெரியாமலா கணக்குல பட்டம் வாங்கினேன்?”

அவள் வீட்டில் கல்லூரியை முடித்த முதல் ஆள் அவள்தான். பிப்ரவரி பிறந்தால் போதும். சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு வரிக் காகிதக் கட்டோடு வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவரும் ஒரு காபி வாங்கித் தந்ததில்லை. ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுக் கொடுத்தவள், இந்த ஓர் ஆளிடம் ஒரே ஒரு கையெழுத்துக்காக மாசக்கணக்காய் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூனிபர் சிணுங்கினாள். கெண்ட்ரா டயப்பர் பைக்குக் கையை நீட்டினாள். “குடு, பால் எடுக்கறேன்.”

டெரல் பையை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “நானே எடுக்கறேன்.”

“ஒரு பையைக்கூட நம்பிக் குடுக்க மாட்டியா? இதுவும் உங்கம்மா சொல்லிக் குடுத்ததா?”

“அவங்க சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். படிச்ச பொண்ணு, வேலை கிடைச்சதும் கிளம்பிடுவா.”

“கிளம்பறவ எதுக்குடா உன் கடனையும் தெரிஞ்சுக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்கா? சேர்ந்து கையெழுத்துப் போட்டா உன் தப்புக்கு நானும் பொறுப்பு. நீ மறைச்சதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். சட்டம் அப்படி. எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.”

டெரல் பாட்டிலை ஜூனிபரின் வாயில் வைத்தான். உள்ளே போயிருந்த ஒரு ஜோடி சிரித்துக்கொண்டே வெளியே வந்து, பனியையும் பாராமல் ஓடியது.

“பாரு, கணக்குத் தெரிஞ்சவங்க” என்றாள் கெண்ட்ரா.

“இந்த ஒரு வருஷத்துக்கு மட்டுமா?”

“என்னது?”

“சேர்ந்து தாக்கல் பண்றது.”

“வரிக்கணக்குக் குடுக்கற ஏப்ரல்னு ஒண்ணு வர்ற வரைக்கும். உனக்குப் பல்லெல்லாம் கொட்டினாலும் விடமாட்டேன்.”

அன்று காலையிலிருந்து முதல்முறையாக டெரல் சிரித்தான்.

“அடுத்தவங்க வாங்க!” உள்ளேயிருந்து குரல் வந்தது.

கெண்ட்ரா முன்னால் போக, டெரல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பையையும் விடாமல் பின்னால் போனான். மேஜைக்குப் பின்னால் கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர் போட்ட பெண் அதிகாரி இருவருடைய அடையாள அட்டைகளையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

“இன்னிக்குக் கடைசி நீங்கதான், கண்ணு. உங்களோட நானும் வீட்டுக்குக் கிளம்பறேன். வரிக்காக வந்தீங்களா?”

“ஆமாம் மேடம், வரிக்காகத்தான்.” கெண்ட்ரா தலையை நிமிர்த்திச் சொன்னாள்.

“காலைலேர்ந்து வந்த எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அப்புறம் இங்கேயே நின்னு அழறாங்க.” அதிகாரி ஒரு தாளைத் திருப்பி வைத்தாள். “ரெண்டு பேரும் போடணும்.”

கெண்ட்ரா ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை நீட்டினாள். டெரல் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு தன் பெயரை எழுதினான்.

அதிகாரி தாளை எடுத்து வைத்துவிட்டு எழுந்து நின்று, ஸ்வெட்டரைச் சரிசெய்துகொண்டாள். “மோதிரம் கொண்டாந்திருக்கீங்களா, இல்ல மோதிரம் இல்லாமலே கல்யாணத்தைப் பண்ணி வெச்சுடட்டா?”

“இல்ல மேடம்” என்று கெண்ட்ரா சொல்லி முடிப்பதற்குள், டெரல் டயப்பர் பையின் அடியில் கையை விட்டு, ஜூனிபரின் ஒற்றைக் காலுறைக்குள்ளிருந்து ஒரு மோதிரத்தை எடுத்தான்.

“இவ பொறக்கறதுக்கு முன்னாடியே வாங்கினது. கடனை அடைச்சுட்டுக் கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ வரியைக் காட்டி முந்திக்கிட்டே!”