'நாம' சொல்லாதவன்

"முதுகுல குத்திட்டான், செல்வி. இன்னைக்கே சீட்டைக் கிழிச்சுட்டேன்."

பாரிஸ் லாச்சப்பல் பகுதியில் ஒரு தோசைக்கடை மூலையில் உட்கார்ந்து ராமலிங்கம் போனில் பொருமினார். பாலமும் ட்ராம் பாதையும் கட்டிப் பேர் வாங்கிய கம்பெனிக்கு அவர்தான் தலைவர். அதை அவரோடு சேர்ந்து தொடங்கிய கல்லூரித் தோழி தாமரைச்செல்வி.

புது ட்ராம் பாதைக்கு ராமலிங்கம் போட்ட திட்டத்தை யாரோ உள்ளாள் போட்டிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். பழி அவர் தலையில். நாளைக்கு இயக்குநர்கள் கூடி, அவர் இருப்பதா போவதா என்று முடிவு செய்யப் போகிறார்கள்.

"நான்தான் சொன்னேனே ராமு," என்றார் செல்வி. "அந்தக் கீர்த்தனன் உன் மூஞ்சிக்கு நேராவே 'சேர், இந்த வேலையை நாங்கள்தான் எடுப்பம்'னான். நம்ம ஆளுன்னா 'நாம'ன்னுல்ல சொல்லியிருப்பான்? 'நாங்கள்'னா அவனும் அந்தப் போட்டிக் கம்பெனிக்காரனும்தான்."

கீர்த்தனன் ராமலிங்கத்தின் கீழே வேலை பார்த்த பொறியாளன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பாரிஸை ஒட்டிய பொண்டியில் வளர்ந்தவன், ஆபீஸில் எந்நேரமும் பிரெஞ்சுதான். அபூர்வமாய்த் தமிழில் வாயைத் திறந்தான், குட்டு வெளிப்பட்டுவிட்டது. பெற்ற மகன் மாதிரி வைத்திருந்தாரே, பாவி.

"கவலைப்படாதே. நாம பாத்துக்கலாம்," என்று செல்வி போனை வைத்தார்.

தட்டெடுக்க வந்த கடைக்கார நாகேஸ்வரி, ஆறிக் கிடந்த தோசையைப் பார்த்தார். "என்னண்ணை, முகம் வாடிக் கிடக்கு? இருங்கோ, நாங்கள் ஒரு தேத்தண்ணி குடிப்பம்."

"குடிங்கம்மா. யாரோட குடிக்கப் போறீங்க?"

"இதென்ன கதை? உங்களோடைதான். நீங்களும் நானும் எண்டால் நாங்கள்தானே?"

"அதுக்கு 'நாம'ன்னு சொல்ல மாட்டீங்களா?"

"எங்கடை யாழ்ப்பாணத்து ஆக்கள் எல்லாத்துக்கும் 'நாங்கள்' எண்டுதான் அண்ணை சொல்லுறது."

ராமலிங்கத்துக்குப் புரிந்தது. அந்தப் பிள்ளை அவரையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறான். அநியாயமாய் அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டாயிற்று. மறுபடி செல்வியைக் கூப்பிட்டார்.

"செல்வி, தப்புப் பண்ணிட்டோம். கீர்த்தனன் நம்ம ஆளுதான், அவனைத் திரும்பக் கூப்பிடணும். திட்டத்தைக் கொடுத்தது வேற யாரோ. யாருன்னு நாளைக்குக் கூட்டத்துல நான் தோண்டி எடுக்கறேன்."



"நீ எதுக்கு ராமு அலையறே? வீட்டுல ஓய்வெடு," என்றார் செல்வி. "இனிமே கம்பெனியை நாங்க பாத்துக்கறோம்."