வள்ளம் திரும்பும் நேரம்

"அண்ணை, பெட்டிக்குள்ளை இருந்து புகை வருது."

உலை கொதிக்கிறது என்று சொல்வதுபோலத்தான், கணினியில் வள்ளம் கீறும் யூலிற்றா அதைச் சொன்னாள். பதற வேண்டியவன் நான். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கையை விட்டு, ஒரு திருகாணியை நழுவவிட்டு, அது விழக்கூடாத ஒரே இடத்தில் சரியாக விழும்படி செய்தது, வவுனியாவில் ஆறு வருடமாகக் கணினி திருத்தும் சுதாகரன் ஆகிய நான்தான்.

"மூண்டு காட் கொண்டு வந்தனான் எண்டெல்லே சொன்னனீங்கள்?" என்றார் கிறிஸ்தோப்பர். கடலே இல்லாத தர்மபுரத்தில், இடம்பெயர்ந்து வந்து இயங்கிய மீனவர் சங்கத்தின் பொறுப்பாளர் அவர்.

"இப்ப ரெண்டு. தெரிவு செய்யிறது சுகம்தானே."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையும் இல்லை. நாற்பது குடும்பங்களுக்கு வள்ளம் கட்டித்தரக் கொழும்பில் ஒரு நிறுவனம் சம்மதித்திருந்தது. வள்ளத்தின் வரைபடம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச்சேர வேண்டும், இல்லையென்றால் வள்ளங்கள் வேறு மாவட்டத்துக்கு. அன்று திங்கள். படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் கணினி அட்டை, அதுதான் வீஜீஏ காட், போன கிழமை செத்துப்போனதால் யூலிற்றாவின் வரைபடம் பாதியில் நின்றது. நான் வந்த வாகனம் பன்னிரண்டு மணிக்குத் திரும்பும். ஒரு காட் மட்டும் இங்கே நிற்கலாம், மிச்சம் என்னோடு திரும்ப வேண்டும் என்று சோதனைச் சாவடியில் தந்த அனுமதித் தாளில் எழுதியிருந்தது. பிழையானதை விட்டுவிட்டுப் போனால் அடுத்த அனுமதிக்கு ஒரு மாதம்.

இரண்டாவது காட்டைப் போட்டேன். புத்தம் புதியது, முப்பத்திரண்டு எம்.பி. அதோடு வந்த விளம்பரப் படத்தை ஓடவிட்டேன். திரை முழுக்க நீலக்கடல். ஒரு மீன் மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தது.

கிறிஸ்தோப்பர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "உது பாரை மீன். கண்ணைப் பாருங்கோ, இப்பதான் பிடிச்ச மாதிரி."

மீனை நானே பெற்றதுபோல நின்றேன்.

"வள்ளத்தைப் பாப்பம் அண்ணை," என்றாள் யூலிற்றா.

கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள் வந்தன. மயிரளவு கோடுகள், ஆயிரக்கணக்கில். விலா எலும்புபோல வளைந்து அடுக்கடுக்காகச் சேர்ந்தபோது அது வள்ளமாயிற்று. அதன் முன்முனை, அணியம், மேலே நிமிர்ந்திருந்தது. வெளியே ஜெனரேற்றர் மண்ணெண்ணெயைக் குடித்து இருமிக்கொண்டிருந்தது. பத்து வருடமாக மின்சாரம் வராத ஊரில், தண்ணீரே இல்லாமல் ஒரு வள்ளம் மிதந்துகொண்டு நின்றது. கையைப் பெட்டிக்குள் விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

"இவ்வளவையும் நீங்களோ கீறினது?"

"ஓம். ஆனா ஒவ்வொரு பலகையையும் திருப்பித் திருப்பிப் பாக்கவேணும். வெள்ளிக்கிடையிலை முந்நூறு தரமெண்டாலும் திருப்பவேணும்."

"இந்தக் காட்டிலை திருப்பினால் பாக்க வடிவாய் இருக்கும்."

அவள் விசையை அழுத்தினாள். கோடுகள் அழிந்து, மறுபக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அவளுடைய உதடுகள் அசைந்தன. "அருள் நிறைந்த மரியே..."

நான் வேலை தொடங்கினால் ஆட்கள் தெய்வத்தைக் கூப்பிடுவது புதிதல்ல. வழக்கமாக நான் வெளியே போகும்வரை பொறுப்பார்கள்.

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. இது எரியாது."

குழப்பாதே என்பதுபோல ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, வள்ளம் முழுதாக வரும்வரை அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது காட் பழசு, எட்டு எம்.பி. கொழும்பில் கட்டடப் படம் கீறும் ஒரு எஞ்சினியர் கழித்துவிட்டது. எண்ணிக்கைக்காகத்தான் அதைக் கொண்டு வந்திருந்தேன். மீன் அதில் ஓடவே மறுத்துவிட்டது. கிறிஸ்தோப்பர் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார். நான் மேசைக்குக் கீழே குனிந்து அந்தப் பாழாய்ப்போன திருகாணியைத் தேடினேன். மேலே மறுபடியும் "அருள் நிறைந்த மரியே" கேட்டது. இந்தமுறை இரண்டாவது செபத்தின் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். இந்தக் காட்டுக்குச் செபமும் வீண் என்று நினைத்தாளாக்கும்.

"இது நிக்கட்டும்," என்றாள்.

மேசையில் தலையை இடித்துக்கொண்டு எழும்பினேன். "எது, பழசோ?"

"பிள்ளை, அப்ப அந்த மீன்?" என்றார் கிறிஸ்தோப்பர், ஏக்கத்தோடு.

"மீன் கடலிலை கிடக்கு மாமா. எங்களுக்கு வள்ளமெல்லே வேணும்."

"முப்பத்திரண்டு எங்கை, எட்டு எங்கை? ஆரும் கேட்டால் என்ரை கடையைப் பாத்துச் சிரிப்பினம். நாற்பது குடும்பத்தின்ரை வள்ளம், தங்கச்சி. வடிவாய் யோசிச்சோ சொல்லுறியள்?"

"யோசிச்சுத்தான்."

வாகனக்காரன் வெளியே ஹோர்ன் அடித்தான். புதிய காட்டைப் பெட்டிக்குள் வைத்தேன். மனம் கேட்கவில்லை. என் பிழைக்குப் பயந்துதான் இந்தப் பிள்ளை பழசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று பட்டது.

"உண்மையைச் சொல்லுங்கோ. நான் ஒண்டை எரிச்சதாலை என்னிலை நம்பிக்கை போய்த்தானே செபிச்சனீங்கள்?"

யூலிற்றா அப்போதுதான் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னை நேரே பார்த்தாள்.

"ஆர் செபிச்சது? கடலுக்கை எங்கட அப்பா மணிக்கூடு கட்டுறேல்லை. வலை தாழ எவ்வளவு நேரம் எண்டு இப்பிடித்தான் கணக்குப் பாக்கிறவர். வள்ளம் ஒருக்காத் திரும்ப உங்கட மீன் காட்டுக்கு நாலு 'மரியே', அண்ணை. இதுக்கு ஒண்டரை."